பத்து வெட்டு, ஒரு விரல்: ஆ யுன் வழக்கும் சீனச் சட்டத்தில் சரணும்

சீனத்தின் ஷான்டோங் கடற்கரையில் தெங்ஜோ என்றொரு மாவட்டம். அங்கே வயல் குடிசை ஒன்றில் வெய் என்பவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் ஆ யுன், அவன் அயர்ந்து தூங்கும் நேரம் பார்த்துக் கத்தியோடு உள்ளே போனாள். பத்துக்கு மேல் வெட்டினாள். ஆள் சாகவில்லை, ஒரு விரல் மட்டும் துண்டானது. மாப்பிள்ளை பார்க்கச் சகிக்காதவன், அதனால் பிடிக்கவில்லை என்பதுதான் அரசு வரலாறு சொல்லும் காரணம். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் அந்தக் காலத்துத் திருமணச் சட்டத்தில் இல்லை. பெரியவர்கள் பேசி முடித்தால் முடிந்தது.

யாரோ திருடன் செய்த வேலை என்று அதிகாரிகள் தேடினார்கள். ஒருவனும் அகப்படவில்லை. சந்தேகம் ஆ யுன் மேல் திரும்பியது. பிடித்து வந்து விசாரித்தார்கள். அடித்துக் கேட்கலாம் என்று ஆயத்தமானபோது அவள் எல்லாவற்றையும் கக்கிவிட்டாள்.

இதில் என்ன வழக்கு இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 1068இல் தொடங்கி ஓராண்டுக்கு மேல் சொங் பேரரசின் தலைநகர் கைஃபெங்கில் அமைச்சர்கள், கண்காணிப்பு அதிகாரிகள், நீதித்துறைத் தலைவர்கள் எல்லோரும் இந்தப் பெண்ணை வைத்து ஒருவரை ஒருவர் கடித்துக் குதறினார்கள். அடி விழுவதற்குச் சற்று முன்னால் அவள் வாய் திறந்தது சரண்தானா, சரண் என்றால் அது எதைக் கழுவும் என்பதே கேள்வி.

சரண் என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நம் செய்தித்தாளில் 'கோர்ட்டில் சரண்' என்று படித்தால் ஆள் போய் நின்றான் என்று மட்டும்தான் பொருள். குற்றத்தை ஒப்புக்கொண்டானா என்பது வேறு விஷயம். சீனத்தில் 'ட்ஸிஷோ' என்பது அப்படியல்ல. தானே முன்வர வேண்டும், நடந்ததை உள்ளபடி சொல்லவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது ட்ஸிஷோ ஆகாது. இக்கட்டுரையில் சரண் என்று எழுதுமிடமெல்லாம் இந்தப் பொருளில்தான்.

சட்டம் என்ன சொன்னது

சொங்குக்கு முந்தைய டாங் பேரரசின் சட்டத் தொகுப்பு 653இல் உரையோடு வெளியானது, அதில் 502 பிரிவுகள். சொங் அரசு 963இல் தன் தொகுப்பை வெளியிட்டபோது பெரும்பாலும் அதையே எடுத்துக்கொண்டது. டாங் தொகுப்பின் 37ஆம் பிரிவு, குற்றம் வெளிப்படும் முன் தானே வந்து ஒப்புக்கொண்டவனின் குற்றம் மன்னிக்கப்படும் என்கிறது. 'தண்டனை குறையும்' என்றல்ல, 'குற்றமே மன்னிக்கப்படும்' என்று. களவாடிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும். நீதிபதியின் மனமிரங்கல் இங்கே தேவைப்படவில்லை. சட்டம் கொடுத்துவிட்டது, நீதிபதி கணக்குப் பார்த்து எழுத வேண்டியதுதான்.

அரைகுறையாக ஒப்புக்கொண்டால் மறைத்த பங்குக்கு மட்டும் தண்டனை. யாரோ புகார் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபின் வந்தாலோ, விசாரணை தொடங்கி உண்மை வெளிவரும் தறுவாயில் சொன்னாலோ முழு மன்னிப்பு கிடையாது, இரண்டு படி குறைப்பு உண்டு. ஆள் அனுப்பியும் சரண் அடையலாம். இன்னும் விசித்திரம், தந்தை போய் மகன் செய்ததைச் சொன்னால் அது மகனே சரண் அடைந்ததற்குச் சமம். ஒருவர் குற்றத்தை ஒருவர் மறைக்கச் சட்டமே அனுமதித்த உறவுகள் அவை. மறைக்க உரிமை உள்ளவர் மறைக்காமல் வந்தால் அதன் பலன் குற்றவாளிக்கே என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

இந்தச் சலுகை கிடைக்காத குற்றங்களும் உண்டு. ஆளைக் காயப்படுத்துதல், ஈடு செய்ய முடியாத பொருளை அழித்தல், கள்ள உறவு, எல்லைச் சாவடியைத் திருட்டுத்தனமாகத் தாண்டிப் போதல், அரசனுக்குத் தெரியாமல் வானியல் படித்தல். கடைசியைப் படித்துச் சிரித்துவிட வேண்டாம். நட்சத்திரம் பார்த்து ஆட்சி மாறும் நாள் குறிப்பவன் அரசாங்கத்துக்கு ஆபத்தானவன். ஒருமுறை கற்றதை மறக்க வைக்கவும் முடியாது. வெட்டுப்பட்ட விரலும் அப்படித்தான், திருப்பிக் கொடுக்க முடியாது. பட்டியல் முழுக்க ஓடும் தர்க்கம் இதுதான். மனம் திருந்தினாயா என்று டாங் சட்டம் அதிகம் கேட்பதில்லை. நடந்ததை நடக்காததுபோல் ஆக்க முடியுமா என்றுதான் கேட்கிறது.

இது டாங் காலத்தில் முளைத்ததும் அல்ல. கி.மு. 122இல், ஹான் பேரரசில், ஹெங்ஷான் மன்னனின் மகன் லியு சியாவ் தன் தந்தையின் கலகத் திட்டத்தை முந்திக்கொண்டு அரசிடம் சொல்லிவிட்டான். முதலில் சொல்பவனுக்கு அந்தக் குற்றம் நீங்கும் என்று சட்டம் இருப்பதை அவன் கேள்விப்பட்டிருந்தான். கலகக் குற்றம் நீங்கவே செய்தது. ஆனால் தந்தையின் பணிப்பெண்ணோடு இருந்த உறவு விசாரணையில் வெளிவந்து, அதற்காகச் சந்தையில் வைத்துக் கொன்றார்கள். சரண் அது சொன்ன குற்றத்தை மட்டும்தான் கழுவும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் கிடைப்பது அரிது.

மாவட்ட ஆட்சியர் கண்ட ஓட்டை

ஆ யுன் காயப்படுத்தியிருக்கிறாள். அப்படியானால் சரணுக்கே இடமில்லையே? இங்கேதான் தெங்ஜோ ஆட்சியர் ஷ்யூ ட்ஸுன் புத்தகத்தைப் புரட்டினார்.

முதலில் அவள் அவனுக்கு மனைவியா என்பதைத் தீர்க்க வேண்டும். கணவனைக் கொல்லத் திட்டமிட்டவளுக்குக் காயம் பட்டதா இல்லையா என்ற பேச்சே கிடையாது, தலை போகும். ஆனால் நிச்சயம் நடந்தபோது ஆ யுன் தாய்க்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தாள். பெற்றோர் துக்கத்தில் நடக்கும் திருமணம் செல்லாது, பிரித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே வெய் அவளுக்குக் கணவன் அல்ல, வழியில் போகும் யாரோ ஒருவன். யாரோ ஒருவனைக் கொல்லத் திட்டமிட்டால் மூன்றாண்டு கட்டாய உழைப்பு, காயப்படுத்திவிட்டால் கழுத்தை நெரித்து மரணம், கொன்றுவிட்டால் தலைவெட்டு. ஆ யுன் நிற்பது நடுப்படியில்.

தலைநகரின் மறுஆய்வு மன்றமும் தாலிஸி என்ற உயர் விசாரணை மன்றமும் மரண தண்டனை என்றே எழுதின. திருமணம் செல்லாதது என்ற காரணத்தைக் காட்டி முடிவைப் பேரரசருக்கு அனுப்பின. பேரரசர் உயிரை விட்டுவைத்தார். வழக்கு இங்கேயே முடிந்திருக்கலாம், ஏனென்றால் ஆ யுன் தலை தப்பிவிட்டது. இதற்குப் பிறகு நடந்த சண்டை அவள் உயிருக்காக அல்ல.

ஷ்யூ விடவில்லை. தொகுப்பில் ஒரு சிறு குறிப்பு உண்டு. வேறொரு குற்றம் காரணமாகக் கொலையோ காயமோ நேர்ந்து, பின்பு சரண் அடைந்தால், காரணமான குற்றம் நீங்கும், காயத்துக்கு மட்டும் வேண்டுமென்றே காயப்படுத்திய சட்டப்படி தண்டனை. திருடப் போனவன் வீட்டுக்காரனைக் காயப்படுத்திவிட்டுச் சரண் அடைந்தால் திருட்டு கழிந்துவிடும், காயம் நிற்கும். ஷ்யூ இதைப் பிடித்துக்கொண்டார். ஆ யுன் விஷயத்தில் 'திட்டம்'தான் காரணமான குற்றம், அதனால் விளைந்தது காயம். திட்டத்தைச் சரண் கழுவிவிட்டது. விசாரணையில் சொன்னதால் இரண்டு படி குறைப்பும் சேரும். குற்றம் ஐயத்துக்கு இடமானால் இலகுவான பக்கமே சாய வேண்டும் என்ற பழைய வாக்கையும் எடுத்து வைத்தார். இவளைப் போன்றவர்களை எல்லாம் கொல்வதென்றால் இனி எவன் முன்வந்து சொல்வான் என்று கேட்டார்.

ஷ்யூவைப் பற்றி சொங் வரலாறு நல்லபடியாக எழுதவில்லை. தாலிஸி தலைமைப் பதவி தருவதாக மேலிடத்தில் வாக்குக் கிடைத்திருந்ததாம், அதனால் வித்தியாசமாக ஏதாவது செய்து தன்னை விலைபேசிக்கொள்ள நினைத்தாராம். அந்தப் பதவி அவருக்குக் கிடைக்கவும் செய்தது. தன் கீழ்மன்ற வாதத்தை மேல்மன்றத் தலைவராகவே காப்பாற்றும் நிலை. கண்காணிப்பு அதிகாரிகள் குற்றம் சாட்டாமல் இருப்பார்களா? சாட்டினார்கள். ஷ்யூ பணியாமல், அறிஞர்களை வைத்துத் தீர்க்கச் சொன்னார்.

மூக்கில் ரத்தமும் கிணற்றில் தள்ளியதும்

பேரரசர் ஷென்சோங் இரண்டு பேரை நியமித்தார், சிமா குவாங், வாங் ஆன்ஷ். பின்னாளில் சொங் அரசியலையே இரண்டாகப் பிளந்த அதே இருவர். வாங் கொண்டுவந்த சீர்திருத்தங்களால் வந்த பகை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சீர்திருத்தங்கள் தொடங்கும் முன்பே இந்த விரல் வழக்கில் இருவரும் எதிரெதிர் தீர்மானம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சிமாவின் வாதம் எளிமையானது, எனக்கு அதுவே வலுவாகவும் படுகிறது. கொல்லும் எண்ணம் இல்லாமல் ஒருவன் வெறுமனே திட்டம் போட்டால் அதில் என்ன குற்றம், அதை எதற்காகச் சரண் அடைந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்? 'திட்டம்' என்ற சொல் 'கொலை' என்ற சொல்லுக்காகவே வந்தது. திருட்டு வேறு, திருடும்போது விழுந்த காயம் வேறு, சரி. கொலைத் திட்டத்தையும் கொலை முயற்சியையும் எப்படிப் பிரிப்பது? கூடவே ஓர் உதாரணம் வைத்தார். ஒருவன் சண்டையில் இன்னொருவன் மூக்கில் ரத்தம் வரும்படி குத்திவிட்டுச் சரண் அடைகிறான், 60 தடியடி. இன்னொருவன் பழைய பகையால் ஒருவனை இரவில் காத்திருந்து ஆற்றிலோ கிணற்றிலோ தள்ளுகிறான். விழுந்தவன் எப்படியோ பிழைத்துவிட்டான், ரத்தமும் இல்லை. தள்ளியவன் சரண் அடைந்தால் உங்கள் கணக்குப்படி 70 தடியடி. இரண்டும் ஒன்றா?

வாங் நீதியைப் பற்றி அல்ல, நீதிபதியைப் பற்றிப் பேசினார். அதிகாரி சட்ட வாசகத்தைப் பிடித்து நிற்க வேண்டும். சூழ்நிலையின் கனம் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ பேரரசருக்கு வழி இருக்கிறது. அதிகாரியே வாசகத்தை ஒதுக்கிவிட்டு மனத்துக்குப் பட்டதை எழுதத் தொடங்கினால் ஜனங்கள் கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது?

1068 ஏழாம் மாதம் பேரரசர் வாங் பக்கம் சாய்ந்தார். திட்டமிட்டுக் காயப்படுத்தியவர் விசாரணையில் ஒப்புக்கொண்டால் இரண்டு படி குறைப்பு என்று ஆணை வந்தது. டாங் கணக்கில் இரண்டு மரண தண்டனைகளும் சேர்ந்து ஒரு படி, மூன்று நாடுகடத்தல்களும் சேர்ந்து ஒரு படி. ஆக, கழுத்து நெரிப்பிலிருந்து இரண்டு படி இறங்கினால் மூன்றாண்டு கட்டாய உழைப்பில் வந்து நிற்கும்.

எதிர்ப்பு அடங்கவில்லை. லூ கோங்ஜு உள்ளிட்ட மூவர் மறுபடி ஆராய்ந்து வாங் சொன்னதே சரி என்றார்கள். அதையும் நீதித்துறைக்காரர்கள் ஏற்கவில்லை. 1069 இரண்டாம் மாதம் இத்தகைய வழக்குகள் எல்லாம் பேரரசரின் முடிவுக்கு வரட்டும் என்று நடுவழி ஆணை ஒன்று வந்தது. அதே மாதம் வாங் துணை முதலமைச்சர் நிலைக்கு உயர்ந்தார். உடனே நடுவழி ஆணை தேவையில்லை என்று வாதாடிப் பழைய ஆணையையே திரும்பக் கொண்டுவந்தார். பேரரசர் முன்னிலையில் அவரோடு மல்லுக்கட்டிய மூத்த அமைச்சர் தாங் ஜியே, மன்னர் வாங் பக்கமே நின்றதைப் பொறுக்க முடியாமல் குமுறினார். முதுகில் ராஜப்பிளவை வந்து இறந்துபோனார், வயது 60. சட்டத்தில் 'காரணம்' என்ற ஒரு சொல்லின் பொருளுக்காக இறந்தவர்கள் பட்டியலில் அவரைத் தாராளமாகச் சேர்க்கலாம். எட்டாம் மாதம் வாங் பக்கமே இறுதியாக வென்றது.

வென்றபின் என்ன ஆனது என்பதை ஷ்யூவின் வாழ்க்கைக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பலமுறை கேட்டும் வாய் திறக்காதவன்கூட, கடைசியில் சொன்னால் 'விசாரணையில் ஒப்புக்கொண்டவன்' கணக்கில் வந்தான். இருவர் சேர்ந்து கொள்ளையடித்துப் பிடிபட்டால், எழுத்தர் இடப்பக்கம் நிற்பவனை முதலில் கேட்டால் சலுகை அவனுக்கு, வலப்பக்கம் நிற்பவனை முதலில் கேட்டால் அவனுக்கு. யார் சாவது என்பது செய்த குற்றத்தில் இல்லை, கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்பதில் இருந்தது.

ஷென்சோங் 1085இல் இறந்தார், சிமா பதவிக்கு வந்தார். கொள்ளையர் விஷயத்தில் இந்தக் குறைப்பு நீக்கப்பட்டது. இதை வைத்து, சிமா வந்ததும் முதல் வேலையாக ஆ யுன்னைப் பிடித்துத் தலையை வெட்டினார் என்றொரு கதை சீன இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சொங் வரலாற்றில் அப்படி ஒரு வரி கிடையாது. பதினேழு ஆண்டு காத்திருந்து பழி தீர்க்கும் கிழவர் என்ற பாத்திரம் சுவையானது என்பதைத் தவிர அந்தக் கதைக்கு வேறு பலம் இல்லை.

'மன்னிக்கப்படும்' போய் 'குறைக்கலாம்' வந்தது

பின்னால் வந்த மிங், சிங் அரசுகளின் தொகுப்புகள் டாங் விதியின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்திருந்தன. 20ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, ஜப்பானிய வார்ப்பில் சட்டம் எழுதத் தொடங்கியபோதுதான் முழு மன்னிப்பு போனது. மக்கள் சீனத்தின் முதல் குற்றவியல் சட்டம் 1979இல் வந்தது, 1997இல் திருத்தி எழுதப்பட்டது. இன்றைய 67ஆம் பிரிவின்படி, குற்றம் செய்தபின் தானாக வந்து உள்ளபடி ஒப்புக்கொள்வது சரண். அப்படிப்பட்டவருக்குத் தண்டனையை இலகுவாக்கலாம் அல்லது குறைக்கலாம், குற்றம் சிறியதானால் விலக்கு அளிக்கலாம். எல்லாம் 'லாம்'. டாங் நீதிபதிக்கு இல்லாத அதிகாரம் இந்த 'லாம்' வழியாக இன்றைய நீதிபதிக்கு வந்துவிட்டது.

பழைய வீட்டின் தூண்கள் சில இன்னும் நிற்கின்றன. உச்ச மக்கள் நீதிமன்றத்தின் 1998 விளக்கத்தின்படி, குடும்பத்தார் வற்புறுத்தி அழைத்து வந்து ஒப்படைத்தாலும் சரண்தான். தந்தை வாக்குமூலத்தை மகன் கணக்கில் எழுதிய பழைய விதியின் பேரப்பிள்ளை இது. ஆனால் கயிற்றால் கட்டி இழுத்து வந்து ஒப்படைத்தால்? 2010இல் அதே நீதிமன்றம் அதற்கும் பதில் சொன்னது. சரண் ஆகாது, ஆனாலும் சரண் விதியை ஒட்டி நீதிபதி கொஞ்சம் இரங்கலாம். அம்மா அழுது கூட்டிவந்தால் ஒன்று, மாமா கட்டித் தூக்கிவந்தால் வேறொன்று.

ஆ யுன்னை இந்தச் சட்டத்தில் நிறுத்திப் பார்ப்போம். குற்றம் இன்னும் வெளிப்படாத நிலையில், நடமாட்டம் சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும் நிறுத்திக் கேட்கும்போது ஒருவர் தானாகச் சொன்னால் அது சரண் என்கிறது 1998 விளக்கம். ஆ யுன் நிலை அதுவல்ல. வெய் வெட்டுப்பட்டது ஊரறிந்த விஷயம், அவளைப் பிடித்ததும் அந்தக் குற்றத்துக்காகவே. எனக்குத் தெரிந்தவரை இன்றைய நீதிமன்றம் இதைச் சரண் என்று எழுதாது. 2011 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் திருத்தம் 67ஆம் பிரிவில் புதிதாகச் சேர்த்த, பிடிபட்டபின் ஒப்புக்கொள்ளுதல் என்ற கீழ்ப்படியில்தான் அவளை வைக்கும். மறுபுறம் கொலை முயற்சி முற்றுப்பெறாததால் அந்தக் கணக்கிலும் தண்டனை குறையலாம்.

ஒப்புக்கொள்பவருக்குச் சலுகை என்பதைச் சீனக் காவல் நிலையச் சுவர்களில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த காலம் உண்டு: ஒப்புக்கொண்டால் இரக்கம், எதிர்த்தால் கடுமை. ஜனங்கள் அதற்கு வால் ஒட்டினார்கள். ஒப்புக்கொண்டால் இரக்கம், ஜெயில் தரை தேயும்வரை உட்கார்; எதிர்த்தால் கடுமை, புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போ. அரசு சொல்லும் விலையை வாங்க வருபவன் நம்பவில்லை என்றால் கடை ஓடாது. ஊழல் ஒழிப்பில் அரசு இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறது. யுன்னான் மாகாணக் கட்சிச் செயலாளராக இருந்த சின் குவாங்ரோங் 2019 மே மாதம் தானே போய்ச் சரண் அடைந்தார். 2 கோடி யுவானுக்கு மேல் லஞ்சம். 2021 ஜனவரியில் கிடைத்தது 7 ஆண்டு சிறை. பதவியில் இருக்கும் மற்றவர்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டிருப்பார்கள்.

2011, இரண்டு வழக்குகள்

உயிர் போன வழக்கில் 'லாம்' என்ன பாடு படும் என்பதை 2011 காட்டியது. 2010 அக்டோபர் 20 இரவு சிஆன் நகரில் யாவ் ஜியாசின் என்ற இசைக் கல்லூரி மாணவன் காரால் ஒரு பெண்ணை இடித்தான். அவள் வண்டி எண்ணைப் பார்த்துவிட்டாள் என்று பயந்து இறங்கி எட்டு முறை குத்திக் கொன்றான். 22ஆம் தேதி போலீஸ் கேட்டபோது மறுத்தான். 23ஆம் தேதி பெற்றோர் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரண் அடைய வைத்தார்கள். விசாரணையின்போது நீதிமன்றம் பார்வையாளர்களுக்கு 500 கேள்வித்தாள் கொடுத்து என்ன தண்டனை சரி என்று கேட்டது. நாடே அதிர்ந்தது அந்தக் கேள்வித்தாளைப் பார்த்துத்தான். தீர்ப்பு சரணை ஏற்றது. ஆனாலும் குற்றத்தின் கொடூரம் அதைவிடப் பெரிது என்று மரண தண்டனை விதித்தது. 2011 ஜூன் 7 அன்று அவனைக் கொன்றார்கள்.

அதே நேரம் யுன்னானில் லி சாங்குய் வழக்கு. 2009இல் 19 வயதுப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்று, அவளுடைய 3 வயதுத் தம்பியையும் கொன்றவன். நான்கு நாள் கழித்துச் சரண் அடைந்தான். ஜாவ்தோங் இடைநிலை நீதிமன்றம் மரணம் என்றது. 2011 மார்ச்சில் யுன்னான் உயர் நீதிமன்றம் சரணையும் வேறு சில காரணங்களையும் காட்டி, நிறுத்திவைத்த மரண தண்டனையாக மாற்றியது. நடைமுறையில் அது உயிர்ப்பிச்சை. யாவ் ஒருவரைக் கொன்று செத்தான், லி இருவரைக் கொன்று பிழைத்தானா என்று இணையம் கொதித்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் இது முன்மாதிரித் தீர்ப்பாக இருக்கும் என்று அந்த நீதிமன்றத்தின் துணைத் தலைவர் ஒருவர் சொன்னது எரிகிற தீயில் எண்ணெய். மூக்கு ரத்தத்தையும் கிணற்றில் தள்ளியதையும் பக்கத்தில் வைத்துக் கேட்ட சிமாவின் கேள்வியைத்தான் லட்சக்கணக்கானவர்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். 1068இல் அந்தக் கேள்வி பேரரசருக்குப் போனது, இப்போது தெருவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 22 அன்று அதே உயர் நீதிமன்றம் மறுவிசாரணை நடத்தி லிக்கு மரண தண்டனை விதித்தது, செப்டம்பர் 29 அன்று நிறைவேற்றினார்கள். இடையில் புதுச் சாட்சி வரவில்லை, சட்ட வாசகமும் மாறவில்லை. அவன் சரண் அடைந்தது உண்மை என்பதை மூன்று தீர்ப்புகளுமே ஏற்றுக்கொண்டிருந்தன.